இரண்டாவது திரையில் நின்ற நேரம்

இருபது விநாடியில் முடிய வேண்டிய லாகின் இரண்டரை நிமிடம் எடுத்தது. முத்துச்செல்வி பழியை மழையின் மேல் போட்டாள். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. மேலகரத்தில் அவள் குடியிருந்த மாடி வீட்டைச் சுற்றி நான்கு நாளாகச் சாரல் ஓயவில்லை. கொடியில் காயாமல் கிடந்த துணிகளின் ஈர வாடையும், சுவரில் ஏறியிருந்த ஓதத்தின் வாடையும், பின்னறையை விட்டு இன்னும் முழுதாகப் போகாத டெட்டால் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கிலேயே நிற்க, பகல் பதினோரு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. சாரல் நாளில் இன்டர்நெட் இழுப்பது புதிதில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஐந்து திரைகளில் நான்கு சட்சட்டென்று வந்து போயின. இரண்டாவது மட்டும்தான் நின்றது.

அவள் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் நுழைய வேண்டும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் அது ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி பெயர், பாஸ்வேர்டு, கிளை, பிரிவு, மெனு என்று ஐந்து திரை. அதற்காகத்தான் மேக்ரோ. ஒரு தடவை ரெக்கார்டு போட்டுவிட்டு டைப் அடித்தால் போதும், அடுத்த தடவையிலிருந்து ஒரு பொத்தானில் அதுவே எல்லாவற்றையும் அடித்து உள்ளே போய்விடும். செங்கோட்டையிலிருந்து இதே வேலையைப் பார்க்கும் தோழி ஜாய்தான் போனில் சொல்லிக்கொடுத்தாள்.

ரெக்கார்டு செய்து பதினெட்டு நாள் ஆயிற்று. புருஷன் பரமசிவனின் பதினாறாம் நாள் விசேஷம் முடித்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இது. மேக்ரோவை ஓட்டிப் பார்ப்பதும் இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்குத் திரை மறுபடி வெளியே தள்ளியது. பொத்தானை அழுத்தினாள். அவள் பெயர் தானாக விழுந்தது. இரண்டாவது திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் பச்சைக் கோடு மின்னி மின்னி நின்றது. ஓட்டுச் சரிவில் தண்ணீர் வடியும் சத்தம், தெருவில் அருவிக்குப் போகும் வேன்களின் ஹாரன், கீழ்வீட்டில் குக்கர் விசில். இவற்றுக்கு அடியில், யாரோ தொண்டையைச் செருமுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பதுபோல, பின்னறையில் ஒரு சத்தம்.

பூனையாக இருக்கும் என்று போய்ப் பார்த்தாள். மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்ட வெறும் இரும்புக் கட்டில். ஜன்னல் சாத்தியிருந்தது.

மூன்றாம் முறை ஓட்டியபோது அந்தச் சத்தம் எழுத்தாகவே கேட்டது.

"செ..."

லாரி ஓட்டிக்கொண்டிருந்த பரமசிவனுக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்த பிறகு மிஞ்சியது அந்த ஓர் எழுத்துதான். செல்வி என்று கூப்பிட நினைத்தால் அவ்வளவுதான் வரும்.

அவள் ஜாய்க்குப் போன் போட்டாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. லாகின் இழுக்கிறது என்று மட்டும் சொல்லி மேக்ரோவின் கோப்பை அனுப்பிவைத்தாள். ஜாய் கொஞ்ச நேரம் படித்தாள்.

"ஏட்டி செல்வி, இதுல நெட்டு மேல தப்பில்ல. நீ டைப் அடிச்சத மட்டுமில்லாம, நீ அடிக்காம நின்ன நேரத்தையும் இது பிடிச்சு வச்சிருக்கு. ரெண்டாவது ஸ்கிரீன்ல நாப்பது செகண்ட். அப்புறம் ரெண்டு எழுத்து. அப்புறம் எழுவது செகண்ட். அப்புறம் ஒரு இருவத்தஞ்சு. அங்கன என்னட்டி பண்ணிக்கிட்டிருந்த?"

"சும்மாதான் இருந்தேன்."

"சரி, அந்த மூணு வரியையும் அழிச்சிரு. சரியாப்போவும்."

போனை வைத்த பிறகும் நாற்பது, எழுபது, இருபத்தைந்து என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சும்மா இருக்கவில்லை. ரெக்கார்டு போட்ட அன்றைக்குக் காலையிலிருந்தே அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கொசுவுக்கு ஒரு தடவை, ஃபேனுக்கு ஒரு தடவை, காரணமே இல்லாமல் நாலு தடவை. ஒவ்வொரு தடவை எழுந்து போய் வரும்போதும் திரை அவளை வெளியே தள்ளியிருந்தது. இடத்தில் இல்லை என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அவனுக்கு மருந்து இல்லை. அதனால்தான் அந்த மேக்ரோவே. ரெக்கார்டு போட்டு, பெயரை அடித்து, இரண்டாவது திரை வந்தபோது அவன் கூப்பிட்டான். கைகளைக் கீபோர்டின் மேல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இதை மட்டும் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். மூன்று தடவை கூப்பிட்டான். முடித்துவிட்டுத்தான் போனாள்.

அவன் தொண்டையில் சளி அடைத்து, மூச்சு நின்றிருந்தது. யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் கீழ்வீட்டுப் பேராச்சி, கடைசி மூச்சு வரைக்கும் செல்வி பக்கத்திலேயே இருந்து பார்த்தாள் என்று சொல்லி அழுதாள். அவள் மறுக்கவில்லை.

அந்த மூன்று வரிகளையும் அழித்தாள். ஓட்டினாள். இரண்டாவது திரை நின்றது. "செ..." கோப்பைத் திறந்தால் மூன்று வரிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. மேக்ரோவை மொத்தமாக அழித்துவிட்டுக் கையாலேயே அடித்தாள். பெயர் அடித்தாள். இரண்டாவது திரை வந்ததும் விரல்கள் காற்றில் நின்றன. கீழே இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே கை தன்னுடையதாகவே இல்லை. நாற்பது எண்ணி முடிக்கும்வரை நின்று, தானாக இறங்கி, இரண்டு எழுத்து அடித்தது. மறுபடி நின்றது.

பின்னறையில் அவன் கூப்பிட்டான். அருகில். இன்னும் கொஞ்சம் பலமாக. கூப்பிட்டு முடிந்ததும் களகளவென்று நீர் தேங்கிய மூச்சு. கூப்பிட்டவுடனே எழுந்து ஓடினால் அறையில் ஒன்றும் இருக்காது. கட்டிலின் இரும்பு மட்டும் யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல வெதுவெதுப்பாக இருக்கும்.

மூன்று மணிக்குள் ஆறு தடவை. அவள் அழுதாள். கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டாள். மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று சுவரிடம் சொன்னாள். திரை வெளியே தள்ளியது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கூப்பிட்ட பிறகு போனால்தானே ஆள் இல்லை. கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய் இருந்தால்? அவன் வாயைத் திறக்கும்போதே தண்ணீரோடு, தலையைத் தூக்கிப் பிடிக்கக் கையோடு, பக்கத்தில் இருந்தால்?

அழித்த மேக்ரோ திரும்பவும் அங்கேதான் இருந்தது. ஒரு தம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். ஓடினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது கையை அவன் தலை இருந்த இடத்தில் நீட்டி வைத்தாள்.

"நா இங்கனதான் இருக்கேன். கூப்பிடுங்க."

சாரல். குக்கர். வேன் ஹாரன்.

முன்னறையில் கீபோர்டு சத்தம் கேட்டது.

மேக்ரோ அடிக்கும்போது கீபோர்டு சத்தம் வராது.

தம்ளர் நழுவியது. பிடிக்க வலது கையை நீட்டினாள். கை வரவில்லை. வலது காலும் இல்லை. உடம்பு பாரமாகச் சாய்ந்தது. முதுகுக்குக் கீழே மெத்தை இருந்தது. வேர்வையில் நனைந்த மெத்தை. நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கெட்டியாக மேலே ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

கதவு திறந்திருந்தது. அதன் வழியே மேஜை தெரிந்தது. மேஜை முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. அள்ளி முடிந்த கொண்டை. பிடரியில் ஒட்டிய முடி. காதோரம் பச்சை வெளிச்சம்.

கூப்பிட வேண்டும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"செ..."

அந்த முதுகு விறைத்தது. கேட்டுவிட்டது. கைகள் கீபோர்டின் மேல் உயர்ந்து நின்றன. தலை திரும்பவில்லை. ஒவ்வொரு விநாடியும் தொண்டையில் இறுகியது. பிறகு கைகள் இறங்கின. இரண்டு எழுத்து.

மூச்சு இல்லை. இருந்த கொஞ்சத்தையும் சேர்த்துத் திரட்டினாள்.

"செ..."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. மேஜை முன்னால் இருந்தவள் எழுந்தாள். திரும்பினாள். வந்தாள். ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். கட்டிலில் கிடந்தவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வருகிறாள். வந்துவிட்டாள்.

வாசலில் நின்றாள். தூக்கம் இல்லாத, கோபம்கூட இல்லாத முகம். கட்டிலைப் பார்க்கவில்லை. கை நீண்டு கதவின் விளிம்பைப் பிடித்தது.

சத்தம் வராமல், மெதுவாக, கதவைச் சாத்தினாள்.

வெளிச்சம் ஒரு கோடாகி, அதுவும் போனது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. எழுபது விநாடி முடிந்து கீபோர்டு தட்டத் தொடங்கியது.

இருட்டில் அவள் மூன்றாம் முறை வாயைத் திறந்தாள்.