இறக்கிய காத்தாடியின் நிழல்

கொல்லையில் காவல்சாமி கருப்பனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த முருகலட்சுமியின் கைமேல் நிழல் ஒன்று விழுந்து, சுவரேறிப் போனது. பொழுது சாயும் நேரத்தில் மேற்குப் புஞ்சையில் கரண்டு எடுக்கும் காத்தாடியின் றெக்கை நிழல் வீட்டின்மேல் விழுவது வருஷக்கணக்காக நடப்பதுதான். ஆனால் இன்று மத்தியானம் கிரேன் வந்து மூன்று றெக்கைகளையும் இறக்கித் தரையில் கிடத்திவிட்டது. வெறும் கம்பம்தான் நிற்கிறது.

மறுபடியும் நிழல் வந்தது. கூடவே வ்வூம் என்ற பழைய இரைச்சலும், கருப்பனுக்குப் படைக்கும் சுருட்டின் வாசமும். சுருட்டை யாரும் பற்றவைக்கவில்லை.

முற்றத்துக் கட்டிலில் அவள் புருஷன் தர்மராஜ் கால்நீட்டிக் கிடந்தான். "சோலார் வந்து கரண்டு விலை எறங்கிப்போச்சு. சின்ன மெஷினு கட்டுபடியாகாதாம். நாளைக்கு அதே எடத்துல பெரிய மெஷினுக்குக் குழி தோண்டுறாக" என்று போனில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புஞ்சையில்தான் கருப்பன் இருந்தான். இடத்தைக் காத்தாடிக் கம்பெனிக்கு விட்டபோது, அவன் காலடியில் பிடிமண் எடுத்து வந்து கொல்லையில் வைத்ததாகச் சத்தியம் செய்தவன் தர்மராஜ். மண் வந்தால் சாமியும் வந்துவிடும். அதை நம்பித்தான் அவள் தினமும் கும்பிடுகிறாள்.

அவன் போனை வைத்ததும் எதிரே போய் நின்றாள்.

"பிடிமண்ணு அங்கனதான் எடுத்தீகளா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க!"

"நான் போறதுக்குள்ள காங்கிரீட்டைப் போட்டுட்டாய்ங்க. கம்மாக்கரையில ஒரு பிடி அள்ளியாந்தேன். மண்ணுல என்னடி இருக்கு?"

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இத்தனை வருஷமும் கம்மாய் மண்ணுக்கா படையல் போட்டாள்? சாமியைக் காங்கிரீட்டுக்கு அடியில் புதைத்துவிட்டுச் சோறு தின்றிருக்கிறான், பாவி!

"நீ மனுசனாய்யா? இப்பவே போயி கருப்பன் கால்ல விழு!"

அவன் சிரித்தான். நிழல் வந்தது. இந்தமுறை ஒரே றெக்கை. நுனி நேராக இல்லை. வளைந்திருந்தது.

கருப்பன் கை அரிவாள்.

"எந்திரிங்க. நிழலு..."

"றெக்கையவே எறக்கியாச்சு. நிழலு எங்கேருந்துடி வரும்?"

இரைச்சல் நின்றது. நிழலும் நின்றது. அவன் கழுத்துக்குக் குறுக்கே.

சூரியன் விழுந்தது. முற்றத்து நிழலெல்லாம் இருட்டில் கரைந்தது. அது மட்டும் கரையவில்லை. தர்மராஜின் சிரிப்பு பாதியில் அறுந்தது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.