இரண்டு சுவருக்கு நடுவில்

கதவைச் சாத்தியதும் வெளியில் கேட்ட சத்தமெல்லாம் கத்தரித்ததுபோல் நின்றுவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சேலைத் தொட்டிலில் பிள்ளையின் மூச்சு, தன் மூச்சு, இவை போக இன்னொரு மூச்சும் அறைக்குள் இருப்பதாக வேல்விழிக்குத் தோன்றியது.

வெம்பக்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பகலெல்லாம் வெடி போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கைக்குழந்தை தூக்கிவாரிப் போட்டு, நீலம் பாரித்து, மூச்சடைத்து அழும். பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் அவள் கணவன் பாண்டிமுருகன் இந்த அறையின் சுவருக்குள் இன்னொரு சுவர் எழுப்பினான். நடுவில் விட்ட இடைவெளியைச் சும்மா விடச் சொன்னார் கொத்தனார். இவனுக்கா பொறுக்கும்? போன வருடம் கம்பெனியில் வெடித்துச் சிதறிய வெடிமருந்து அறையின் கல்லையும் மண்ணையும் டிராக்டரில் அள்ளி வந்து கொட்டி நிரப்பினான். அந்த அறையில் மூன்று பெண்கள் கருகிச் செத்திருந்தார்கள். அந்த மண்ணை அந்தப் பக்கம் யாரும் செருப்பில்கூட வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள்.

கதவுக்கும் சண்டைதான். கல்யாணத்துக்கு முன் மருந்து அறையில் வேலை பார்த்தவள் வேல்விழி. தப்பி ஓட எதிரெதிரே வாசல் இல்லாத இடத்தில் அவளுக்கு உட்காரவே முடியாது.

“ஒத்தக் கதவு வேணாங்க. உசுரு பதறுது.”

“இது என்ன வெடி ரூமா? இன்னொரு கதவு வச்சா சத்தம் உள்ள வரும். வாய மூடிக்கிட்டுக் கெட.”

இப்போது அந்த மூச்சு சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. நிழல் விழும் பக்கத்துச் சுவர் அது, ஆனாலும் தொட்டால் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. புதுச் சிமெண்டு வாசத்தை அமுக்கிக்கொண்டு கந்தக நெடியும், அதற்கடியில் பொசுங்கிய மயிர் நாற்றமும் மெல்லக் கசிந்தன. பிறகு ஒரு சுரண்டல். நகத்தால். மேலிருந்து கீழே.

பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடத் திரும்பினாள். தொட்டில் ஆடியது. உள்ளே பிள்ளை இல்லை.

கதவை இழுத்தாள். அசையவில்லை. அடித்தாள், உதைத்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். பாண்டிமுருகன் முற்றத்தில்தான் இருந்தான். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகவில்லை.

அழுகை கேட்டது. அவள் பிள்ளையின் அழுகைதான். சுவருக்குள்ளிருந்து.

காதை வைத்தாள். கன்னம் பொரிந்தது. எடுக்கவில்லை.

உள்ளே ஒரு பெண் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டு பேர் தணிந்த குரலில் ஆராரோ பாடினார்கள்.

“அளாத கண்ணு. இங்கன வெடிச் சத்தமே கேக்காது.”

அழுகை நின்றது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.