மணம் போன வீடு

சனிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் பியட்றிஸ் அதைக் கண்டாள். குசினிப் பக்கத் தரையில், லினோலியம் விரிப்பில், தேநீர்ப் பீரிசுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது, பாரமான எதையோ நெடுநாள் வைத்து எடுத்ததுபோல. அந்த இடத்தில் அவர்கள் எதையும் வைத்ததில்லை. விரிப்புக்குக் கீழே அங்கேதான் தரைக்கடியில் இறங்குகிற பலகை மூடி இருந்தது. குனிந்து விரலால் தடவினாள். பள்ளம் மெல்ல நிமிர்ந்து மட்டமாகியது. பிறகு அவளுடைய விரலின் கீழேயே மறுபடி உள்ளே இறங்கியது.

காற்றாக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு விருப்பமாக இருந்தது.

லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துக்குப் பின்னால், பழைய கட்டடமொன்றின் முற்றத்தோடு ஒட்டிய கீழ்த்தட்டு வீடு அது. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே, ஓர் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு வெற்றிடம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதை வீத் சனித்தேர் என்பார்கள். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து அங்கேயிருந்து ஒரு மணம் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்த சாக்கு, ஊறிய மரம், விளக்காத வாய், எல்லாம் கலந்த மணம். ஒரேயடியாக அடிக்காது. விட்டு விட்டு வரும். உடுப்புக்குள் போய்க் குடியிருக்கும்; எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது.

பியட்றிஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். வருகிறவர்களின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து சட்டத்தைக் காதில் மாட்டிச் சரிபார்க்கவேண்டும். அப்படிக் குனியும்போது சிலர் மூச்சை அடக்கிக்கொள்வதை அவள் கண்டும் காணாதவள்போல் இருந்தாள். ஒருநாள் முதலாளி ஜெனவியேவ், நல்ல மனுஷி, அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் குளிக்க வசதி இருக்கிறதா என்று மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே முகம் சிவந்து போனாள். "இருக்கிறது, மதாம்" என்று சொல்லி வெளியே வந்த பியட்றிஸ், அன்று முழுக்க இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

மகள் பிரியதர்சினி நல்ல உடுப்புகளையெல்லாம் சிநேகிதி வீட்டில் வைத்திருந்தாள். பிரின்ஸ்டன் என்ற பெடியனைக் கட்டப்போவதாகச் சொல்லியும் அவனை ஒருநாளும் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. கேட்டால், "பா இசி, அம்மா" என்பாள். இங்கை வேண்டாம்.

"ஆரும் பாக்காத இடத்துக்கு இவ்வளவு காசைக் கொட்டவேணுமோ?" என்று கேட்டார் புருஷன் ஞானரட்ணம், தரைக்கடியை அடைப்பிப்போம் என்று அவள் சொன்னபோது. "நீர் யன்னலைத் திறந்துவிடும். மணம் போகும்."

"திறந்து திறந்து என்ன கண்டனாங்கள்? ஆக்களின்ரை முகத்துக்குக் கிட்டப் போகேலாமல் நிக்கிறன் நான்."

அவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். அவரும் தான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ரில் மற்றவர்கள் போனபிறகுதான் உடுப்பு மாற்றுகிறவர் என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசியில், போன மாதம், கட்டட வேலை செய்கிற அருட்பிரகாசம் வந்து தரைக்கடியில் இறங்கினார். மண்ணின்மேல் தடித்த பிளாஸ்ரிக் விரித்தார், பொருத்துகளை ஒட்டினார், விளிம்புகளைச் சுவரோடு சேர்த்து இறுக்கினார். முற்றத்துப் பக்கம் இருந்த காற்றுத்துளைகளையும் அடைத்தார்.

"இனி ஈரம் ஏறாது அக்கா," என்றார். "பொட்டுக் காத்தும் போகாது, வராது."

உண்மையிலேயே மணம் போய்விட்டது. சுவர் காய்ந்தது. பிரியதர்சினி தன் குளிர்ச்சட்டையை முதல்முறையாக வீட்டுக் கொழுவியில் கொழுவினாள். "ஞாயிற்றுக்கிழமை பிரின்ஸ்டனும் தாயும் வரட்டோ?" என்று தமிழிலேயே கேட்டாள். பியட்றிஸ் அன்றிரவு அழுதாள். கொடுத்த ஒவ்வொரு சதமும் தகும் என்று நினைத்தாள்.

சத்தம் அதற்குப் பிறகு தொடங்கியது. மெத்ரோ பாலத்தைக் கடந்து போனபின் வருகிற அமைதியில், அடுப்பையும் குழாயையும் நிறுத்திவிட்டு நின்றால் மட்டும் கேட்கும்: கடைப்பையைக் கசக்குவதுபோல ஒரு சரசரப்பு, பிறகு ஓய்வு, பிறகு பை விரிவதுபோல இன்னொரு சரசரப்பு. ஒவ்வொரு நாளும் ஓய்வு குறைந்து வந்தது. இப்போது விரிப்பில் பள்ளமும் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் அருட்பிரகாசத்துக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"எங்கையோ காத்து நிக்குது போலை," என்றார் அவர். "திறந்து ஒரு இடத்திலை வெட்டிப் பாக்கவேணும்."

"வெட்டினால் மணம் வருமோ?"

"கொஞ்ச நாளைக்கு வரும்தானே, அக்கா."

"அப்ப இப்ப வேண்டாம். நாளைக்கு ஆக்கள் வருகினம். அவை வந்திட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கே முற்றம் இருண்டுவிட்டது. ஞானரட்ணமும் மகளும் விருந்தாட்களைக் கூட்டிவர மெத்ரோ வாசலுக்குப் போயிருந்தார்கள். ரோல்ஸ் பொரித்து முடித்து அடுப்பை நிறுத்தியதும் சரசரப்புக் கேட்டது. இடைவெளியே இல்லாமல். ஓடிவந்த ஆள் இளைப்பதுபோல.

விரிப்பைச் சுருட்டி, மூடியைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள்.

பிளாஸ்ரிக் மண்ணில் இருக்கவில்லை. தரைப்பலகைகளுக்கு நேரே கீழே, கைக்கெட்டுகிற தூரத்துக்கு, ஊதி எழும்பியிருந்தது. உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். மூடிக்கு நேரே ஒரு குழி. பிளாஸ்ரிக் அதற்குள் இழுபட்டு, இறுகி, சுற்றிவரத் தடித்த விளிம்பு தெரிந்தது. மேலே ஒன்று. கீழே ஒன்று. குழி வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே இழுத்தது. காற்றுக் கிடைக்கவில்லை. மறுபடி இழுத்தது.

உதடுகள்.

அந்த மணம் ஏன் விட்டு விட்டு வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மேசையில் கேக் வெட்ட வைத்த கத்தி இருந்தது. எடுத்தாள். முனையைப் பிளாஸ்ரிக்கில் வைத்தாள். குழி அசையாமல் நின்றது. பிளாஸ்ரிக்கின் கீழே துளிகள் ஒன்றுசேர்ந்து ஓடின. அது காத்துக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு கீறல் போதும். அவள் அதை அறிந்திருந்தாள்; அதற்கும் அது தெரிந்திருந்தது.

முற்றத்தில் மகளின் சிரிப்புக் கேட்டது.

மூச்சை அடக்கிக்கொள்ளும் முகங்கள் நினைவுக்கு வந்தன. பின்னறையில் சிவந்துபோன ஜெனவியேவின் முகம் வந்தது. பியட்றிஸ் கத்தி முனையை விலக்கினாள். "கொஞ்சம் பொறு," என்று மெல்லச் சொன்னாள். ஆருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூடியைப் போட்டாள். விரிப்பை இழுத்துவிட்டாள். எழும்பும்போது முகம் நெருப்பாக எரிந்தது.

பிரின்ஸ்டனின் தாய் லூசியா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

"உள்ளதைச் சொல்லுறன்," என்றாள். "கீழ்த்தட்டு வீடெண்டு மகன் சொல்ல நான் கொஞ்சம் யோசிச்சனான். ஒரு மணமில்லை, ஈரமில்லை. நல்ல துப்பரவா வைச்சிருக்கிறியள்."

பிரியதர்சினி தாயை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைப் பியட்றிஸ் கண்டு கனகாலம்.

அந்த நேரம் பார்த்துக் குசினிப் பக்கத்து விரிப்பு இறங்கத் தொடங்கியது. லூசியா இருந்த கதிரைக்குப் பின்னால். திரும்பினால் கண்டுவிடுவாள். பியட்றிஸ் தேத்தண்ணித் தட்டோடு போய் அதன்மேல் காலை வைத்தாள்.

பலகை மூடி இருந்ததே தெரியவில்லை; விரிப்பும் காலில் போட்ட மெல்லிய மேசும்தான் நடுவில் என்பதுபோல் இருந்தது. குதிக்காலைச் சுற்றி அது மூடியது. இழுத்தது. விட்டது. இழுத்தது.

"நீங்களும் இருங்கோவன்," என்றாள் லூசியா.

"இல்லை, நான் நிக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ."

உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் போட்டாள். கீழே துடித்தது. கட்டிலில் தலையணைக்குள் அழுத்தின முகம் துடிப்பதுபோல. அவள் சிரித்தபடி கோப்பைகளைக் கொடுத்தாள். ஞானரட்ணம் கலியாணத் திகதி பற்றிக் கதைத்தார். கீழே இழுவை மெலிந்தது. இன்னும் மெலிந்தது. ஒருமுறை, மிக மெல்ல, ஏதோ கேட்பதுபோல அவளுடைய குதியைத் தொட்டது.

நின்றுவிட்டது.

அவள் காலை எடுக்கவில்லை. கண்ணீர் வந்தது. பொரிச்ச புகை என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைக்கக் குனிந்தபோது மேசைக்குக் கீழே பார்த்தாள். பிரின்ஸ்டனின் இரண்டு கால்களுக்கும் நடுவே விரிப்பில் ஒரு பள்ளம். யன்னலுக்குக் கீழே ஒன்று. லூசியாவின் கதிரைக் கால்களைச் சுற்றி மூன்றோ நாலோ. எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. ஒரே நேரத்தில் எழும்பின. பிரியதர்சினியின் வெறுங்காலின் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரு கைக்குழந்தையின் வாயளவு, விரலைத் தேடித் தேடிச் சப்பிக்கொண்டிருந்தது.