இத்தாலி நேரம்

கப்பல் டெனெரிஃப் தீவை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை, காபிக்கு நின்ற வரிசையில், நேவியோ தன் மனைவியின் சட்டைக் கையைப் பார்த்து, "பரவால்ல விடு, தண்ணி தொட்டுத் துடைச்சா போயிடும்," என்றார். ஒர்னெல்லா குனிந்து பார்த்தாள். தும்பைப்பூ மாதிரி வெள்ளைக் கை, ஒரு பொட்டுக் கறை கிடையாது. காதுக் கருவியைக் கழற்றி அறையில் போட்டுவிட்டு வந்து எதையாவது உளறுவது மனிதருக்கு வழக்கம்தான் என்று விட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, மேல்தளத்தில், சாய்வு நாற்காலி பிடிக்க ஓடிய ஒரு ஜெர்மன்காரர் அவள் முழங்கையை இடித்தார். கோப்பையில் இருந்த காபி அத்தனையும் சட்டைக் கையில். திரும்பிப் பார்த்தால் நேவியோ இல்லை. இன்னும் திறக்காத உணவுக்கூடத்தின் வாசலில் போய் நின்று, ஏன் திறக்கவில்லை என்று தகராறு செய்துகொண்டிருந்தார்.

இந்தப் பயணமே அவள் பிடிவாதத்தில் நடந்தது. காதில் அறுவை சிகிச்சை ஆனபிறகு அவள் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இலாரியா மயாமியில். அவளுக்குப் பிறந்த ஜெம்மாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. ஒர்னெல்லா இன்னும் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. நவம்பரில் ஐரோப்பாவில் குளிர் ஏறியதும் உல்லாசக் கப்பல்கள் எல்லாம் கரீபியன் பக்கம் போய்விடும், போகிற போக்கில் காலி அறைகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்ததும், ஜெனோவாவிலிருந்து இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். அந்த விலைக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கிணற்றுக்குள் இறங்கினது போல இருக்கும். கீழே எங்கோ எஞ்சின் ஓயாமல் முனகும், தரைவிரிப்பில் ஈரமும் டீசலும் கலந்து ஒரு வாடை. காபி என்று ஊற்றுகிறார்களே, அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் குழந்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேற்கே போகப் போக மணி பின்னால் போகும். அதனால் ஓரிரு நாளைக்கு ஒருமுறை, அறையைச் சுத்தம் செய்ய வரும் பாலித்தீவுக்காரர் கோமாங், படுக்கையின்மேல் ஒரு சின்ன அட்டையை வைத்துவிட்டுப் போவார். இன்றிரவு உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுங்கள் என்று அதில் இருக்கும். முதல் அட்டை வந்த அன்றே நேவியோ அதைக் கிழித்துப் போட்டார்.

"முப்பத்தோரு வருஷம் என் கடிகாரத்தைப் பாத்துத்தான் அந்த ஸ்டேஷனுக்கு ரயில் வந்துச்சு. எவனோ அட்டை வச்சான்னு நான் மாத்தணுமா? எனக்கு இத்தாலி நேரம் போதும்."

"மாத்தாதீங்க, ஸ்டேஷன் மாஸ்டரே," என்றாள் அவள். "நாங்க எல்லாம் மெதுவா வர்றோம். நீங்க முன்னாடி போய் இறங்குங்க."

இரண்டாவது அட்டை வந்தது, மூன்றாவதும் வந்தது. அவள் காலைப் பலகாரம் சாப்பிடும்போது அவர் மதியத் தூக்கத்துக்குப் போனார். கோமாங் அறையைக் கூட்ட வந்தால், இப்பதானே கூட்டினே, எத்தனை தடவை கூட்டுவே என்று விரட்டினார். அவள் ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் வந்தது. ஒருநாள் முழுக்க அவரோடு கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய், என் கணவருக்குக் கப்பல் நேரம் புரியமாட்டேன் என்கிறது, நீங்களாவது சொல்லுங்கள் என்று முறையிட்டாள். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் இன்னொரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு அவரைத் தேடிக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போனாள். மேசைகளில் இன்னும் விரிப்புகூடப் போடவில்லை. எங்கோ உள்ளே தட்டுகள் உரசும் சத்தமும், கழுவிய தரையின் குளோரின் நெடியும், கப்பல் சாயும்போதெல்லாம் தொங்கு விளக்குகளின் நிழல் காலி நாற்காலிகள்மேல் ஏறி இறங்கி மெல்லப் போய்வருவதுமாக இருந்த அந்தப் பெரிய கூடத்தின் மூலையில், நேவியோ தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மீன் நல்லாத்தான் இருக்கு. நீதான் எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லுவே." தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு கையை மேசைமேல் நீட்டினார். "சரி, அழாதே. நாலு நாள்ல புள்ளையத் தூக்கத்தானே போறே."

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். ஈயை விரட்டுவது போலத் தோளைக் குலுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு அந்த மூலையில்தான் இடம் கிடைத்தது. தட்டில் வந்த மீன் அட்டை மாதிரி இருந்தது. எதிரே நாற்காலி காலி. ஒரு வாரத்து எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்து, இதெல்லாம் ஒரு மீனா, இதை ஒரு மனுஷன் தின்பானா, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு துணைகூட இல்லையே எனக்கு என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து முணுமுணுத்தாள். முணுமுணுக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான், காலையில் அவர் விட்ட இடைவெளிகள் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் பேசியது அதில் அப்படியே அடங்கியது. மூன்று அட்டை, மூன்று மணி நேரம்.

முள்கரண்டியை வைத்துவிட்டாள். பசி போய்விட்டது. மேசைமேல் அவர் கை நீட்டிய இடத்தை அவள் தொடவில்லை.

கப்பல் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கணினியிலிருந்து பார்வையைக்கூடத் திருப்பவில்லை. வயதானவர்களுக்கு இந்தப் பயணத்தில் தூக்கம் குழம்பும், கரை இறங்கினால் சரியாகிவிடும் என்று இரண்டு மாத்திரை கொடுத்தார். அன்றிரவு நான்காவது அட்டையும் வந்தது. நேவியோ தூங்கும்போது அவளே அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்து, நான்கு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாள். ஜில்லென்று இருந்தது அது. கண்ணைத் திறக்காமலே அவர் கை நீண்டு வந்து அதை வாங்கிக்கொண்டது. இருட்டில், பார்க்காமலே, ஓரத்துக் குமிழைத் திருகினார். நான்கு மணி நேரம் முன்னால், நிமிடம் பிசகாமல். பிறகு கையில் கட்டிக்கொண்டு புரண்டு படுத்தார்.

அதற்குப் பின் அவர் அவளிடம் பேசவே இல்லை. அவளைத் தாண்டிப் பார்த்தார். காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார், பிற்பாடு அவள் வந்து நிற்கப்போகிற இடத்தை. ஒர்னெல்லாவுக்குக் கோபம் எல்லாம் வடிந்து பயம்தான் மிச்சம் இருந்தது. படுத்தால் எஞ்சின் முனகலுக்கு மேலே அந்தக் கடிகாரம் கேட்டது. ஐந்தாவது அட்டை. ஆறாவது அட்டை. அதுதான் கடைசி என்றார் கோமாங். இன்னும் ஒரு பகல், ஒரு இரவு. நாளைக் காலை ஏழு மணிக்கு மயாமி.

கடைசிப் பகல். மணி ஒன்பது. அவள் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. நேவியோ ஒரு காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், பூனை நடை நடந்து வந்தார். அவளைக் கடந்து போனார். அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒர்னெல்லா," என்றார் தலையணையிடம். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மெதுவான குரலை அவள் கேட்டதில்லை. "மணி மூணாச்சு. எவ்வளவு நேரம் தூங்குவே? காபி கொண்டாந்திருக்கேன்."

தலையணை காலி. அவள் சீப்போடு நின்றாள்.

"ஒர்னெல்லா."

கோப்பையைக் கீழே வைத்தார். காலிப் போர்வையைப் பிடித்து உலுக்கினார். மறுபடி உலுக்கினார். காதைக் கொண்டுபோய்ப் படுக்கையில் வைத்துக் கேட்டார். அப்படியே இருந்தார். அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது.

"நான் இங்க நிக்கறேன்," என்றாள். "ஏங்க. இங்க நிக்கறேன், பாருங்க." கட்டிய தொண்டையில் பாதிதான் வெளியே வந்தது. அவர் திரும்பவில்லை.

அவர் மணிக்கட்டில் மூன்று. சுவரில் ஒன்பது. ஆறு மணி நேரம்.

படுக்கக்கூடாது, அவ்வளவுதானே? படுக்கவே மாட்டேன். மேல்தளத்துக்குப் போவேன். வெயிலில், ஆட்கள் நடுவில், நாளைக் காலை வரைக்கும் நின்றுகொண்டே இருப்பேன். அவள் கதவு வரை போய்விட்டாள். கால் நின்றது. ஒருவேளை முடியாமல் போனால்? ஜெம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இப்போதே. கொள்ளை விலை என்று வாரம் முழுக்க வாங்காமல் இருந்த இன்டர்நெட்டை, பணம் கட்டி வாங்கினாள். ஃபோனில் மகளுக்கு வீடியோ கால் போட்டாள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. சனியனே, சீக்கிரம்.

மணி அடித்தது. இலாரியாவின் குரல் வந்தது, கரண்டிச் சத்தத்தோடு.

"அம்மா! நாளைக்குத்தானே வர்றே? என்ன அவசரம்? இரு இரு, கஞ்சி ஊட்டிட்டிருக்கேன். இதோ, ஒன் பேத்தி."

படம் கட்டம் கட்டமாகச் சேர்ந்தது. ஒரு நெற்றி. ஒரு காது. கஞ்சி அப்பிய கன்னம். ஃபோனுக்கு மேலே, கட்டிலில், நேவியோ அழுகையை நிறுத்துவது தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். வலது கையை நீட்டினார். காலித் தலையணைக்கு மேலே. இரண்டு விரல். மெதுவாக, மேலிருந்து கீழே இறக்கினார்.

ஒர்னெல்லாவின் கண்கள் மூடிக்கொண்டன.

இருட்டு. திறக்கப் பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தாள். கால் தரையில்தான் இருந்தது. திறக்க முடியவில்லை. இமைகளின்மேல் சூடாக, லேசாக, காபி வாசனையோடு, இரண்டு விரல்.

ஃபோனில் குழந்தை கெக்கலித்துச் சிரித்தது.

"பாத்தியாடி ஜெம்மா, அம்மம்மா கண்ணாமூச்சி ஆடறா," என்றாள் இலாரியா. "ஆங், இப்பத் திற, அம்மா. எங்க, திற. புள்ள ஒன்னையே பாக்குது."

குழந்தை சிரித்துக்கொண்டே காத்திருந்தது.

"அம்மா, போதும். திற."

விரல்கள் எழவில்லை.