தைஹோகு ஷிப்ட்

நேற்று வரைபடத்தில் மலைக்குள்ளேயே முடிந்திருந்த சிவப்புக் கோடு, இன்று காலை கடலுக்குள் ஒரு விரல் நீளம் போயிருந்தது.

இந்து தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக நகலெடுத்து பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவது அவள் வேலை. தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் முன்னறைதான் ஆபீஸ். இந்த மாதம் வந்தது தைஹோகு மாகாணம். தைவான் ஜப்பான்காரர்கள் கையில் இருந்தபோது அதன் வடகோடிக்கு அவர்கள் வைத்த பெயர் அது; ஆண்டவர்கள் போனதும் பெயரும் போய்விட்டது. அங்கே ஒரு மலைக்குள் தங்கச் சுரங்கம். அதன் ஏழாவது லெவல், அதாவது ஏழாம் அடுக்கில் தோண்டிய பாதைதான் இந்தச் சிவப்புக் கோடு. தங்கவயலில் பிறந்தவளிடமே சுரங்கப் படம் வந்து சேர்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதிகப்படி நீளத்தை அழித்தாள். மறுநாள் கோடு கடலைத் தாண்டி, படத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேலையை மேற்பார்வை பார்க்கும் வாணிக்குப் போன் போட்டாள்.

"ஒரிஜினல்ல ஏழாவது லெவல் எங்க முடியுது வாணி?"

"மலைக்குள்ளயே முடிஞ்சிடுதே. ஓரத்துல ஒரு குறிப்பு இருக்கு. போர்க் கைதிங்களை அந்த லெவல்லதான் எறக்கி விட்டிருக்காங்க. பாதிப் பேரு மேல வரவே இல்லையாம். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

அடுத்த அறையில் அப்பா துரை படுத்திருந்தார். சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட்டின் வாயில் இருபத்தெட்டு வருஷம் நின்று மணி அடித்தவர். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தால் ஆள் ஏறத் தயார் என்று அர்த்தம். மேலே நிற்பவர் அதே மூன்றைத் திருப்பித் தட்டினால்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் நகரும். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவருக்கு மிச்சமானது நெஞ்சில் இறங்கிய கல் தூசிதான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், தலைமாட்டில் ராப்பகலாக முனகும் மெஷின். காபி வேண்டுமென்றால் கட்டில் காலில் கரண்டியால் தட்டுவார். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, பிறகு மூன்றாவது. அந்தச் சத்தம் வந்தால்தான் இந்துவுக்கு உயிர் வரும். கணவன் அனில் விடிவதற்குள் ரயிலேறினால் இருட்டித்தான் திரும்புவான். பகலெல்லாம் அப்பா மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவள் வேலை பார்த்தாள். அவரை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

மூன்றாம் நாள், சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்ட் மாறும் மதியம் இரண்டு மணிக்கு, தரை அதிர்ந்தது. வேறு ஊராக இருந்தால் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் பர்ஸ்ட். அடியில் எங்கோ பாறை வெடிக்கும், அலமாரியில் பாத்திரம் ஆடும், அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். இந்துவும் விளிம்புக்கு வந்த தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிறகுதான் அந்த வாடை வந்தது. வருஷக்கணக்காகக் காற்றுப் படாத பாறையும் துருவேறிய தண்ணீரும் வேர்வையும் ஒன்றாக ஊறிய வாடை, சிமென்ட் தரையின் விரிசல்களிலிருந்து கசிந்து, வெளியே பட்டப்பகல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, அவள் பாதத்தில் சில்லென்று ஏறியது.

"இந்து, கீழ ஆளுங்க கீறாங்க."

ஓடிப் போய்ப் பார்த்தாள். துரை கரண்டியும் கையுமாக எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கீழ யாரும் இல்ல நைனா. ஷாஃப்ட் பூரா தண்ணிதான் ரொம்பிக் கீது."

"தண்ணியா மணி அடிக்கும்? மூணு தட்டு. ரெண்டு நாளா தூரத்துல கேட்டுச்சி. இன்னிக்கு கிட்ட வந்துட்டாங்க."

அவள் அவர் கையைப் பிடித்தாள். "பதில் குடுக்காத நைனா. யாருன்னே தெரியாது."

"யாரா இருந்தா இன்னா? கீழ கீறவனுக்கு நான் பதில் குடுக்காம இருந்ததே இல்லம்மா. ஒரு ஆள் ஏறணும், ஒரு ஆள் எறங்கணும். கேஜ் காலியா ஓடாது."

கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். திரையில் வரைபடம் முடிந்து வெறும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போய்க்கொண்டே இருந்தது. அவள் படத்தை நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள். கோட்டின் நுனியில் சின்னச் சின்னக் கட்டங்கள், இரண்டு வரிசை, நடுவில் தண்ணீர்க் குழாய். அவள் வரையவில்லை. யாரும் வரையவில்லை. அவை இந்து குடியிருக்கும் லைன் வீடுகள்.

கோடு ஐந்தாவது கட்டத்தில் நின்றிருந்தது. அவர்கள் வீடு ஐந்தாவது.

டக். டக். டக்.

இடைவெளி இல்லாத மூன்று. அடியிலிருந்து.

"நைனா, வேணாம்!"

கரண்டியைத்தான் பிடுங்கியிருந்தாள். அப்பாவின் தலைமாட்டில் இருந்த டம்ளரை எடுக்க மறந்துவிட்டாள்.

இரண்டு தட்டு. ஒரு மூச்சு. மூன்றாவது.

தரை மெல்ல ஆடி நின்றது. ஏறி வந்த கேஜ் நிற்பதுபோல.

இந்து கதவைத் தள்ளினாள். தரை உடையவில்லை. ஈரமாக மட்டும் இருந்தது. மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஓர் ஆள் படுத்திருந்தான்.

துரை இல்லை.

எலும்பும் சேறுமாக ஒருவன். இடுப்பில் கந்தல். மார்பில் கட்டிய துணித்துண்டில் படிக்கத் தெரியாத எழுத்தில் ஓர் எண். அப்பாவின் குழாய் அவன் மூக்கில். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். குடித்தான். எண்பது வருஷத்துக்குச் சேர்த்து.

இந்து குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்; அப்பா அங்கும் இல்லை.

அப்போது, அவள் காலுக்கு நேர் கீழே, ரொம்ப ஆழத்தில்:

டக். டக்.

ஒரு மூச்சு.

டக்.

கட்டிலில் இருந்தவன் கண்ணைத் திறந்தான். அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு அப்பாவின் டம்ளரை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக அவளிடம் நீட்டினான்.

கீழே அப்பா மறுபடி தட்டினார். இந்தத் தடவை மூச்சு நீளமாக இழுத்தது. மூன்றாவது தட்டு வரவில்லை.

இந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, பதில் தட்ட ஈரத் தரையில் மண்டியிட்டாள்.