வேறு எவருக்கும் அனுப்பப்படவில்லை

"உங்கட மெஷின் என்னைக் கள்ளி எண்டு சொல்லுது!"

மழையில் நனைந்த தலையைத் துவட்டக்கூட விடாமல் சண்டைக்கு வந்துவிட்டாள் ஒருத்தி. தியாகு நிமிர்ந்து பார்த்தான். கோபத்தில் சிவந்த முகம்... அழலாமா வேண்டாமா என்று தவிக்கும் கண்கள்... ஐயோ, என்ன கண்கள் அவை!

2006, கொலோன். அந்த ஈரமான இலையுதிர் காலத்தை இன்று நினைத்தாலும் தியாகுவுக்கு மனசு நனைந்துவிடும்.

சீன சமூக அறிவியல் இதழ்களைத் தொகுக்கும் சின்ன ஆய்வகம் அது. எந்தக் கட்டுரை சொந்தச் சரக்கு, எது பார்த்து எழுதியது என்று பிரித்து, தேறியதை மட்டும் அட்டவணையில் சேர்ப்பார்கள். கட்டுரைகளுக்கு ஜெர்மனில் சுருக்கம் எழுதுவதும், எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொற்கள் போடுவதும் மெலனியின் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொலோனில் வளர்ந்து, சீனம் படித்தவள். காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நிறுவ வால்டோர்ஃப் நகரிலிருந்து ஒரு மாதத்துக்கு வந்திருந்தான் மதுரைக்காரன் தியாகு.

அது முதலில் பிடித்ததே மெலனியைத்தான்! அவள் எழுதிய சுருக்கம் நூற்றுக்கு நூறு காப்பியாம். அறிக்கை பேராசிரியர் மேசைக்கே போய்விட்டது.

"ஒரு நிமிஷங்க..." தியாகு கணினியைத் தட்டினான். முகம் வெளுத்தது. அவள் எழுதியதை அவள் எழுதியதோடேயே ஒப்பிட வைத்திருந்தான், புத்திசாலி!

"தப்பு என்னோடதுங்க."

"அதைப் புரொபெசரிட்டைச் சொல்லுங்கோ."

சொன்னான். அன்று மாலையே அவருக்கும் அவளுக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சலும் அனுப்பினான். மறுநாள் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே...

"எனக்கு அனுப்பினதிலை முதல் வரி என்ன தெரியுமோ? 'டியர் சார்!'"

"ஐயையோ..."

"ஒரே கட்டுரையை ரெண்டு இதழுக்கு அனுப்பினால் நாங்கள் சேர்க்கமாட்டம். மன்னிப்பும் அப்பிடித்தான். ஏலாது!"

அதன்பிறகு மூன்று வாரம் வேலைப் பேச்சு மட்டுமே. எதிர் மேசையில் அவள் பென்சிலைக் கடித்தபடி சீன எழுத்துகளை முணுமுணுப்பாள். ஜன்னலில் மழை. இவன் வேலை செய்வதுபோல் நடிப்பான். பேசினால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றும்... உடனே 'டியர் சார்' ஞாபகம் வந்துவிடும்!

கடைசி நாள். ஐந்து மணிக்கு ரயில். இப்போது விட்டால் அவளை இனி எங்கே பார்ப்பது? பெட்டியும் கையுமாக வந்த தியாகு, கட்டுரையாளர்கள் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

'இது என் சொந்த எழுத்து. வேறு எவருக்கும் அனுப்பப்படவில்லை' என்று ஜெர்மனில் அச்சாகியிருந்தது. அதன் கீழே அவன் கையெழுத்தில் தமிழ்.

'மெலனி, நீங்க முறைச்சாலும் பரவாயில்லைன்னு தினமும் உங்களைப் பாக்கத்தான் வந்தேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.'

இரண்டு தரம் வாசித்தாள். காது மடல் சிவந்தது.

"மூண்டு குறிச்சொல் போடவேணும். அந்தக் கட்டத்தை நிரப்பேல்லையே..."

"அது உங்க வேலையாச்சேங்க."

குனிந்து எழுதினாள். மெலனி. தியாகு. பென்சில் நின்றது... பிறகு மெல்ல, விருப்பம்.

"விருப்பம்னா... என்ன விருப்பம்ங்க?"

"எனக்கு உங்களிலை விருப்பம். எங்கட ஆக்கள் காதலை அப்பிடித்தான் சொல்லுறவை," என்றாள் மெலனி, சிரிப்பும் கண்ணீருமாக. "அடுத்த ரயிலிலை போங்கோ... டியர் சார்!"