மஞ்சள் கிணறு

டிரிங்... டிரிங்...!

1996. ஆஸ்டின் டவுன். வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது.

நோரா ரிசீவரை எடுத்தாள். கேட்டாள். அலறினாள்!

"ஐயோ... அண்ணன் செத்துட்டானாம்ங்க!"

ஷேவ் செய்துகொண்டிருந்த அவள் கணவன் டொமினிக் பாதி நுரையோடு ஓடிவந்தான்.

"மைக்கேலா? ஐயோ மச்சான்...!"

தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

டொமினிக், அடுகோடி ஏரியாவில் ஒரு குரோம் பிளேட்டிங் ஃபேக்டரியின் மேனேஜர். மச்சான் மைக்கேல்ராஜ் அங்கே டேங்கர் டிரைவர். சுத்தம் செய்து வெளியேற்ற வேண்டிய மஞ்சள் ஆசிட் கழிவை, அப்படியே ஒரு பாழுங்கிணற்றில் கொட்டுவதுதான் அவனுக்கு இட்ட வேலை.

அந்தக் கிணற்றை ஒட்டிய நீலசந்திராவில் அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் புண். அதைப் பார்த்த பிறகு மைக்கேல்ராஜ் டேங்கரைத் தொட மறுத்துவிட்டான்.

வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் சீனிவாசராகவன்!

"கூத்கொள்ளி சார்..." டொமினிக் கன்னடத்தில் உட்காரச் சொன்னான்.

"தமிழ்லயே பேசுங்க. மைக்கேல்ராஜுக்கு எதிரி யாராச்சும்...?"

"எதிரியா? தங்கமான மனுஷன் சார்! அந்தக் கிணத்துச் சுவரே இடிஞ்சு கிடக்கு. கால் வழுக்கியிருக்கும்..."

"எந்தக் கிணறு?"

டொமினிக் விழித்தான்.

"செத்துட்டார்னுதானே போன் வந்துச்சு? கிணறுன்னு யார் சொன்னா?"

"அது... லோடு கொட்டப் போயிருப்பான்னு..."

"அவர்தான் டேங்கரையே தொடமாட்டேன்னுட்டாரே!"

காய்ந்த நுரைமேல் வியர்வை கோடு போட்டது.

நோரா மெல்ல எழுந்தாள். "கிணத்துல சாம்பிள் எடுத்து பொல்யூஷன் போர்டுல குடுக்கப்போறேன்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னான்? உங்களை நம்பித்தானேங்க சொன்னான்...!"

டொமினிக் உடைந்தான்.

"நமக்காகத்தான் நோரா! ஃபேக்டரியை மூடிட்டா நம்ம கதி என்ன? ஒரே அடி... அவனுக்கு வலிச்சே இருக்காது..."

"வலிக்குதாம்."

"எ... என்ன?"

"காலையில நான் சர்ச்சுக்குப் போகலை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணன்தான் சொன்னான், ரொம்ப வலிக்குதுன்னு!"

டொமினிக்கின் முகம் வெளுத்தது. "உயிரோட... இருக்கானா?"

"சகதியில விழுந்ததால பிழைச்சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "பின்னாலேருந்து அடி விழுந்ததுல ஆளைத்தான் பார்க்கலை. அதான் செத்துட்டார்னு நானே ஒரு போன் பண்ணிப் பார்த்தேன்."

"நோரா... அப்ப நீ அழுதது...?"

"நடிப்பில்லைங்க. நீங்களா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் அழுதேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போர்டு ஆளுங்க ஃபேக்டரிக்கு சீல் வைக்கப் போயாச்சு. நீங்க வாங்க," என்று இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "ஆசிட்டு, மச்சான்னு எல்லாத்தையும் உள்ள தள்ளிப் பழகிட்டீங்க... இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு, உங்களை நாங்க உள்ள தள்றோம்!"